திங்கட்கிழமைக்கு மெடல் கிடையாது

ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை "விழிப்புணர்வு மராத்தான்" நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதற்கான விழிப்புணர்வு என்பது பெரிய விஷயமில்லை. போதை ஒழிப்பு, ரத்த தானம், பிளாஸ்டிக் ஒழிப்பு, வாக்காளர் தினம், ஏதோ ஒன்று. கொடியசைக்க ஒரு விஐபி வருவார், அரை மணி நேரம் தாமதமாக. அதுவரை பசங்கள் புழுக்கத்தில் நிற்பார்கள். டி-ஷர்ட் உண்டு, மெடல் உண்டு, வாழைப்பழம் உண்டு, போட்டோ எடுக்க பேனர் உண்டு. இத்தனையும் ஞாயிற்றுக்கிழமைக்கு. திங்கட்கிழமைக்கு என்ன உண்டு என்று கேட்டால், ஒரு மண்ணும் கிடையாது.

திங்கட்கிழமை விடியற்காலை அதே பையன் மறுபடியும் கிரவுண்டில் நிற்கிறான். போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிறவன். தொடை இரும்பு மாதிரி இறுகிக் கிடக்கிறது, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. பக்கத்தில் நின்று பயிற்சி கொடுக்கிற அண்ணன் சொல்கிறார்: "ஓடு தம்பி. ஓடி வந்த வலி ஓடித்தான் போகும்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, எதுகை மோனையெல்லாம் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் தென் மாவட்டங்களில் முழங்காலையும் கணுக்காலையும் கெடுத்த வசனங்களில் இதற்குத்தான் முதல் இடம் தரவேண்டும்.

முதலில் "மராத்தான்" என்ற சொல்லைக் கொஞ்சம் சரிசெய்துகொள்ளலாம். மராத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. 1921இல் அதையே நிரந்தரமாக்கினார்கள். நம்ம பக்கம் ஐந்து கிலோமீட்டரும் மராத்தான், பத்தும் மராத்தான். டீக்கடை பன்னை மினி பிரியாணி என்று சொல்வது மாதிரி. :) போகட்டும், உடம்பு பேனரைப் படிப்பதில்லை. வாரம் நூறு கிலோமீட்டர் ஓடிப் பழகியவனுக்கு 42 என்ன செய்யுமோ, மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடியே பழக்கமில்லாதவனுக்கு 21 அதைச் செய்துவிடும். சில பேருக்குப் பத்தே போதும். ஆகவே தூரம் கம்மிதானே என்று சொல்லி நழுவ முடியாது.

என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள ஆய்வுக்கூடமெல்லாம் தேவையில்லை. ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறையில் இருந்து சதுரகிரி ஏறி இறங்கிய யாரையாவது மறுநாள் வீட்டுப் படியில் பாருங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குவார். ஏறும்போதுதான் மூச்சு வாங்குகிறது, ஆனால் தசையைக் கிழிப்பது இறக்கம். உடல் எடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே தொடைத் தசை நீளவேண்டியிருக்கிறது. அந்த மாதிரி வேலையில்தான் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. சமதளத்தில் ஓடும்போதும் ஒவ்வொரு அடி தரையில் விழும்போதும் இதே கதைதான். உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு சுமை ஒற்றைக் காலில் இறங்குகிறது. முழு மராத்தானில் சுமார் நாற்பதாயிரம் அடி. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வலி உச்சத்துக்குப் போவது அன்றைக்கு இல்லை. ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள். கிழிந்த தசையில் இருந்து கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி ரத்தத்தில் கசிந்து, அதன் அளவும் அந்த நாட்களில்தான் ஏறி நிற்கும். பழைய நிலைக்கு வர ஒரு வாரம்கூட ஆகும். தசையில் சேமித்து வைத்திருந்த கிளைகோஜன் தீர்ந்துபோயிருக்கும், ஒழுங்காகச் சோறு சாப்பிட்டாலும் அது நிரம்ப இரண்டு மூன்று நாள். இதய நோயாளிகளிடம் பரிசோதிக்கிற ட்ரோபோனின் அளவுகூட நல்ல ஆரோக்கியமான ஓட்டக்காரர்களிடம் கொஞ்ச நேரத்துக்கு ஏறி இறங்குகிறது.

இனிதான் வில்லங்கம். நாலாவது ஐந்தாவது நாள் வலி போய்விடும். பையனுக்கு "சரியாயிட்டேன்" என்று தோன்றும். தசை உள்ளே இன்னும் ஒட்டுப்போட்டு முடியவில்லை, அதற்கு இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். எலும்பு இன்னும் மெதுவான ஆள். அடி வாங்கிய எலும்பை உடம்பு அப்படியே பூசிவிடுவதில்லை. பழைய பகுதியை முதலில் அரித்தெடுத்துவிட்டுப் பிறகுதான் புதிதாகக் கட்டுகிறது. வீட்டில் பழைய சுவரை இடித்துவிட்டுப் புதுச் சுவர் எழுப்புகிற மாதிரி. இடித்தும் கட்டாமலும் நிற்கிற இடைப்பட்ட சில வாரங்களில் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். அந்த நேரம் பார்த்து தார் ரோட்டில் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடினால் கணுக்காலுக்கு மேலே எலும்பில் விரல் வைத்தால் உயிர் போகிற வலி வரும். எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. "ஒண்ணுமில்ல, சுளுக்கு" என்று எண்ணெய் போட்டு உருவி விடுவார்கள். அது சுளுக்கு இல்லை, எலும்பில் விழுந்த மயிரிழை விரிசல்.

கையிருப்பு ரொக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வியாபாரம் செழிக்கிறது என்று சொல்கிற முதலாளியை பி.காம். முதலாமாண்டு மாணவன்கூடச் சிரிப்பான். வலி இல்லை என்பது ரொக்கம். தசையும் எலும்பும் வாங்கி வைத்திருக்கிற கடன் இருப்புநிலைக் குறிப்பில் இருக்கிறது, அதை யாரும் புரட்டுவதில்லை. தேய்மானம் எழுதாமல் வருடா வருடம் லாபம் காட்டுகிற கம்பெனி ஒரு நாள் புது மெஷின் வாங்கக் காசில்லாமல் பூட்டிக்கொண்டு போகும். அப்போது "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு" என்பார்கள். முழங்காலைப் பற்றியும் இதே வசனத்தைத்தான் சொல்கிறார்கள், வார்த்தை மாறாமல்.

வேடிக்கை என்னவென்றால் இந்த ஊர்க்காரர்களுக்கு ஓய்வின் கணக்கு தெரியாமலில்லை. ராஜபாளையம் மில்களில் ரிங் ஃப்ரேமை மெயின்டனன்ஸுக்கு நிறுத்துவதை யாரும் சோம்பேறித்தனம் என்று சொல்வதில்லை. பந்தயத்தில் ஓடிய மாட்டை மறுநாள் வண்டியில் பூட்டினால் ஊரே காறித் துப்பும். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் வடம் பிடித்தால் அது நிலைக்கு வந்து சேரும்வரை முட்டுக்கட்டை போடுகிற ஆட்கள் சக்கரத்தை விட்டு நகரமாட்டார்கள். மெஷினுக்கும் மாட்டுக்கும் தேருக்கும் தெரிந்த நியாயம் மனுஷக் காலுக்கு மட்டும் ஏன் மறந்துபோகிறது என்பதுதான் கேள்வி.

பதில் கொஞ்சம் கசப்பானது. மெஷின் கெட்டால் முதலாளிக்கு நஷ்டம், மாடு கெட்டால் மாட்டுக்காரனுக்கு நஷ்டம். பையன் கால் கெட்டால் பையனுக்கு மட்டும்தான் நஷ்டம். ஓட்டத்தை நடத்தியவரின் பொறுப்பு ஃபினிஷ் லைனில் முடிந்துவிடுகிறது.

இது சின்ன ஊர்களின் குறை மட்டும் இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஓ.பி.ஜெய்ஷா ஓடினார். வயநாட்டுப் பெண், அதற்கு முந்தைய ஆண்டு பெய்ஜிங் உலகப் போட்டியில் 2 மணி 34 நிமிடம் 43 விநாடியில் ஓடி தேசிய சாதனை படைத்தவர். ரியோவில் 2 மணி 47 நிமிடம் 19 விநாடி, 89ஆவது இடம். கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். வழியில் மற்ற நாட்டவர் தங்கள் ஆட்களுக்கு மேசை போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள், இந்தியாவின் மேசையில் யாருமே இல்லை என்று பிற்பாடு சொன்னார். தடகளச் சம்மேளனம் மறுத்தது. தனி பானம் வேண்டாம் என்று அவர்கள்தான் சொன்னார்கள் என்றது. நாடே தண்ணீரைப் பற்றி ஒரு வாரம் சண்டை போட்டது. சண்டை ஓய்வதற்குள் ஊர் திரும்பிய ஜெய்ஷாவுக்கு ஹெச்1என்1 காய்ச்சல் இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. அதே ரியோவில் ஸ்டீபிள்சேஸ் ஓடிய சுதா சிங்குக்கும் அதே காய்ச்சல். காய்ச்சல் ஓட்டத்தால் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 42 கிலோமீட்டர் ஓடி மயங்கி விழுந்த உடம்பு அடுத்த சில நாள் எப்படி இருக்கிறது என்பது தண்ணீர் மேசை அளவுக்குச் செய்தியாகவே இல்லை. ஒலிம்பிக் வீராங்கனைக்கே இந்த நிலை என்றால், இலவச டி-ஷர்ட் போட்டு ஓடியவனின் கதியைச் சொல்லவேண்டியதில்லை.

இன்னும் பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் மதுரை. 2023 ஜூலையில் அங்கே ரத்த தான விழிப்புணர்வு ஓட்டம் நடந்தது. இருபது வயதுப் பொறியியல் மாணவர் ஒருவர் ஓடி முடித்தார். முடித்த பிறகு ஒரு மணி நேரம்போல நன்றாகத்தான் இருந்திருக்கிறார். அதன் பின் உடம்பு சரியில்லாமல் போய், அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. அவருக்கு உள்ளுக்குள் என்ன இருந்தது என்று வெளியில் இருந்து தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை, யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இங்கே சொல்லப்படவும் இல்லை. கவனிக்க வேண்டியது அந்த ஒரு மணி நேரத்தை. பெரும்பாலான இடங்களில் அந்த நேரத்தில் பந்தல்காரர் பந்தலைப் பிரித்துக்கொண்டிருப்பார், ஆம்புலன்ஸ் விஐபி காரின் பின்னால் கிளம்பிப் போயிருக்கும். ஓட்டம் முடிந்த பிறகும் ஓட்டக்காரனுக்கு ஏதாவது ஆகலாம் என்ற எண்ணமே ஏற்பாட்டில் கிடையாது.

இந்த இடத்தில் வழக்கமாக ஒருவர் எழுந்து அபேபே பிகிலாவை இழுப்பார். "குடல்வால் ஆபரேஷன் முடிஞ்சு நாப்பது நாள்ல ஒலிம்பிக் தங்கம் ஜெயிச்சான்யா மனுஷன், உனக்கென்ன கால்வலி?" உண்மைதான். 1964 டோக்கியோ. கோட்டைத் தாண்டிவிட்டு மைதானத்திலேயே படுத்து உடற்பயிற்சி வேறு செய்து காட்டினார். ஆனால் அதே பிகிலா 1968 மெக்ஸிகோவில் கால் காயத்தோடு களமிறங்கி, பாதித் தூரம்கூடப் போகாமல் வெளியேறினார். அந்தப் பாதிக் கதையை யாரும் சொல்வதில்லை. எமில் ஸாட்டோபெக்கும் அப்படித்தான். 1952 ஹெல்சிங்கியில் ஒரே ஒலிம்பிக்கில் 5000, 10000, மராத்தான் என்று மூன்று தங்கம். 1956இல் ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து சில வாரங்களிலேயே மெல்போர்னில் மராத்தான் ஓடி ஆறாவதாக வந்தார். மாமனிதர்கள், சந்தேகமில்லை. ஆனால் லாட்டரி விழுந்தவனைக் காட்டி எல்லோரையும் லாட்டரி வாங்கச் சொல்வது என்ன பொருளாதாரம்?

நம்ம ஊர் உதாரணம் ஒன்றையும் இப்படித்தான் பாதியில் வெட்டிச் சொல்கிறார்கள். 2021இல் தமிழக சுகாதார அமைச்சரான மா.சுப்பிரமணியன் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மராத்தான்கள் ஓடியவர். விபத்தில் காலில் பலத்த அடி வாங்கியவர் என்பது எல்லோருக்கும் தெரியும். "அடிபட்ட அவரே ஓடுறார்" என்று முடித்துவிடுகிறார்கள். விபத்து நடந்தது 2004இல். அவர் அரை மராத்தான்கள் ஓடத் தொடங்கியது ஏறக்குறைய பத்து வருடம் கழித்து. அந்தப் பத்து வருடத்தை விழுங்கிவிட்டு நடுவில் வெட்டிய கதையைத் தூக்கிக்கொண்டு வந்து, நேற்று ஓடியவனை இன்று ஓடச் சொல்வது பெரிய அநியாயம்.

அடுத்த எதிர்க்கேள்வி கொஞ்சம் நேர்மையானது. "ஓய்வெடுத்தா ஸ்டாமினா போயிடும்." செலக்‌ஷன் நாள் நெருங்குகிறவனுக்கு இந்தப் பயம் நிஜம். ஆனால் கணக்கு அவன் பயப்படுகிற மாதிரி இல்லை. பத்து நாள் ஓடாமல் இருந்தால் கழிவது மிகச் சொற்பம். மூன்று வாரம் சுத்தமாக நிறுத்தினாலும் நன்றாகப் பயிற்சி எடுத்தவரின் ஆக்ஸிஜன் எடுக்கும் திறனில் குறைவது சில சதவீதம்தான், சில வாரப் பயிற்சியில் அதை மீட்டுவிடலாம். எலும்பில் விரிசல் விழுந்தால் மாதக்கணக்கில் போகும். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஆண்களிடம் கேட்பது 1500 மீட்டரை 7 நிமிடத்தில். அதாவது கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி. இது வேகத்துக்கான சோதனை. இதற்குத் தயாராகிறவன் நடுவில் பரிசுப் பணத்துக்காக ஒரு ஞாயிறு 21 கிலோமீட்டர் ஓடுவதே தேவையில்லாத ஆணி. ஓடிவிட்டான், சரி. அதன் பிறகு அவன் நஷ்டத்தைக் குறைக்க ஒரே வழி, சும்மா இருப்பது. ராஜபாளையத்தில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 11ஆவது பட்டாலியன் இருக்கிறது. அந்த யூனிஃபார்மைப் பார்த்துப் பார்த்து வளர்கிற பசங்கள் இவர்கள். தேர்வு நினைத்த நேரத்துக்கு வருவதில்லை, வயது வரம்பு யாருக்காகவும் நிற்பதில்லை. ஒரு விரிசலுக்கு ஒரு வேலை விலை.

சும்மா இருப்பது என்றால் கட்டிலில் கிடப்பது இல்லை. முதல் மூன்று நாலு நாள் மெதுவாக நடக்கலாம், நன்றாகத் தூங்க வேண்டும், சோறும் பருப்பும் முட்டையும் வயிறாரப் போக வேண்டும். முதல் வாரம் ஓட்டமே வேண்டாம். சைக்கிள் இருந்தால் கண்மாய்க் கரை வரை ஒரு மிதி. இரண்டாவது வாரம், படியில் நேராக இறங்க முடிகிறதா, ஒற்றைக் காலில் குதித்தால் வலிக்கவில்லையா என்று பார்த்துவிட்டு, பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில் இருபது நிமிடம், அதுவும் மண் தரையில், ஒருநாள் விட்டு ஒருநாள். வேகப் பயிற்சியெல்லாம் முழு மராத்தான் ஓடியவனுக்கு நாலாவது வாரத்துக்குப் பிறகு. நியூசிலாந்து ஓட்டக்காரர் ஜாக் ஃபாஸ்டர் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள் என்று கணக்கு வைத்திருந்தார். மராத்தானுக்கு 26 மைல், ஆக 26 நாள் கடினப் பயிற்சி கிடையாது. சோம்பேறியின் கணக்கு இல்லை இது. 1974 காமன்வெல்த் போட்டியில் 41 வயதில் 2 மணி 11 நிமிடத்தில் மராத்தான் ஓடி வெள்ளி வாங்கிய ஆளின் கணக்கு.

மெடிக்கல் ஷாப் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஓடிய அன்றே டைக்ளோஃபெனாக்கோ ஐபுபுரூஃபனோ வாங்கிப் போட்டுக்கொண்டு, மறுநாள் வலி தெரியாமல் ஓடுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. நீர் வற்றிய உடம்பில், தசைக் கழிவுகளை வடிகட்டத் திணறிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்துக்கு இந்த மாத்திரைகள் கூடுதல் அடி. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அது சூடு இல்லை, இளநீரில் தீராது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தண்ணீரிலும் இதே அசட்டுத்தனம் உண்டு. குடிக்காமல் விழுவது ஒருவகை. குடம் குடமாக வெறும் தண்ணீரைக் குடித்து ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் விழுவது இன்னொரு வகை. 2002 பாஸ்டன் மராத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் அளவு குறைவாக இருந்தது. தாகத்துக்குக் குடி, உப்புப் போட்ட மோரோ கஞ்சியோ குடி என்று நம்ம வீட்டுப் பாட்டிகள் சொல்வது இந்த விஷயத்தில் பேனர் கம்பெனிகளைவிட எவ்வளவோ மேல்.

சரி, இதெல்லாம் தெரிந்தும் அவனால் ஓய்வெடுக்க முடியுமா? அங்கேதான் விவகாரமே இருக்கிறது. சென்னையில் கையில் கார்மின் கட்டிக்கொண்டு ஓடுகிறவர் திங்கட்கிழமை வீட்டிலிருந்து வேலை பார்ப்பார், காலைத் தூக்கி நாற்காலியில் போட்டுக்கொள்வார். ராஜபாளையம் மில்லில் வேலை பார்க்கும் பையனோ பெண்ணோ ஞாயிறு காலை ஓடிவிட்டுத் திங்கள் ஷிஃப்ட்டுக்கு எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்க வேண்டும். சத்திரப்பட்டியில் தறி ஓட்டுகிறவர்களுக்கும் அதே கதைதான். அங்கே நெய்கிற பேண்டேஜ் துணி எங்கெங்கோ ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது, நெய்தவன் காலைச் சுற்ற அவனுக்கு நேரமில்லை. கல்லூரி மாணவர்களின் கதை வேறு விதம். "கலந்துக்கலைன்னா அட்டெண்டன்ஸ் கிடையாது" என்று கூட்டம் காட்டக் கூட்டிப் போவார்கள், மறுநாள் கிளாஸுக்கு நொண்டிக்கொண்டு ஐந்து நிமிடம் லேட்டாக வந்தால் வெளியே நிறுத்துவார்கள். பி.இ.டி. பீரியடில் வழக்கம்போல ரவுண்டு அடிக்க வேண்டும். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவரவர் ஆசைக்கு ஓடினார்கள் என்று சொல்கிறவர்கள் இந்த அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரை ஒருமுறை திருப்பிப் பார்க்கலாம்.

அதனால் ஓட்டக்காரனுக்கு அட்வைஸ் சொல்லிப் பிரயோஜனம் பாதிதான். மீதிப் பாதி நடத்துகிறவர் தலையில் விழ வேண்டும். கேட்பது ரொம்பப் பெரிய விஷயமில்லை. மருத்துவப் பந்தலும் ஆம்புலன்ஸும் கடைசி ஆள் ஓடி முடித்த பிறகும் இரண்டு மணி நேரம் அங்கேயே நிற்கட்டும். அந்தந்தக் கல்லூரி தன் மாணவர்களை ஓட அனுப்பினால் திங்கட்கிழமைக்கு ஓ.டி. கொடுக்கட்டும், அந்த வாரம் பி.இ.டி.யில் இருந்து விலக்கு கொடுக்கட்டும். தொழிலாளர்களை டி-ஷர்ட் மாட்டி அனுப்புகிற நிறுவனம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு தரட்டும். தர முடியாதென்றால் அவர்களை முதல் வரிசையில் நிறுத்திப் போட்டோ எடுக்காமலாவது இருக்கட்டும். மெடலோடு சேர்த்து, அடுத்த மூன்று வாரம் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு. பேனரில் விஐபி தலையைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டாலே இதற்கான செலவு வந்துவிடும்.

ரிஜிஸ்ட்ரேஷன் ஃபார்மில் பெயர், வயது, ரத்த வகை, டி-ஷர்ட் சைஸ் எல்லாம் கேட்கிறார்கள். திங்கட்கிழமை உனக்கு எந்த ஷிஃப்ட் என்று கேட்க அதற்குக் கீழே இன்னொரு கட்டம் போட்டால் பேப்பர் கிழிந்துவிடாது.